பெரியப்பாவின் மஜ்ஜை

"பொதுமக்களின் மேலான கவனத்திற்கு. மனித எலும்பு மஜ்ஜைச் செல்களில் டிஎன்ஏ உற்பத்தியைக் கதிர்வீச்சு எவ்வாறு பாதிக்கிறது என்பதை உலகுக்கு எடுத்துரைத்த விஞ்ஞானி, முனைவர் கோபாலகிருஷ்ணன் அவர்களின் சொந்த மஜ்ஜையைப் பெற்று, அதன் பயனாகப் பதினைந்து ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்த, கருங்குழி வேன் உரிமையாளர் சுப்பிரமணி அவர்கள் இன்று காலை இயற்கை எய்தினார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருமுனையில் திரும்பும்போது, பிரபா கூடத்தில் மண்டியிட்டு ஃப்ரீசர் பெட்டியின் ஒயரோடு போராடிக்கொண்டிருந்தாள். பிளக்குக்கு மூன்று கால்; சுவரில் இருந்ததோ இரண்டு ஓட்டை. பெட்டிக்குள் படுத்திருந்த அப்பா எழுந்து வந்தால் ஒயரை அறுத்து, இரண்டு தீக்குச்சி சொருகி, ஒரு நிமிஷத்தில் வேலையை முடித்திருப்பார். இந்த வீட்டில் ஷாக் அடிக்காத சுவிட்ச் எல்லாம் அவர் கை வைக்காதவை.

"இன்னாடி அது, செத்தது யாருன்னே புரியல," என்றாள் அம்மா சரோஜா, அழுகைக்கு நடுவில். அழும்போதும் அவளுக்குக் காது திறந்திருக்கும்.

"பெரியப்பா எழுதிக் குடுத்ததும்மா."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்கினாள்.

புரியாதது அம்மாவுக்கு மட்டுமில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டு டீக்கடைக்காரர் கையில் ரோஜா மாலையோடு ஓடி வந்தவர், வாசலில் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக நின்று தன்னை வரவேற்ற பெரியப்பாவைப் பார்த்து ஓர் அடி பின்வாங்கினார். பிறகு சமாளித்துக்கொண்டு, "உள்ள சுப்பிரமணி அண்ணனா?" என்று கேட்டார். அந்தக் குரலில் துக்கத்துக்கு முன்னால் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது போலப் பிரபாவுக்குப் பட்டது.

பெரியப்பாவை அறிமுகப்படுத்துவது கஷ்டம். அவரே செய்துவிடுவார்.

அப்பாவுக்கு மூன்று வயது மூத்தவர். அண்ணன் படித்துக் கல்பாக்கத்தில் ஆராய்ச்சிக்குப் போனார். தம்பி படிக்காமல், அந்த ஆராய்ச்சிக்காரர்களை ஏற்றிக்கொண்டு போகும் வேனை ஓட்டினார். பல வருஷம் தினமும் காலையில் ஒருவர் இன்னொருவரை வேலையில் கொண்டுபோய் விட்டார் என்பதுதான் நடந்தது. பெரியப்பா இதை, "தம்பிக்கு நான்தான் சவாரி புடிச்சுக் குடுத்தேன்" என்று சொல்வார்.

இளம் வயதில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் அவருடைய கட்டுரை வந்தது. நான்கு பெயர்களில் அவருடையது மூன்றாவது. அதை லேமினேட் செய்து கூடத்தில் மாட்டியிருந்தார். முதல் இரண்டு பெயர்களை ஃபிரேமின் ஓரம் எப்படியோ மறைத்துவிட்டது. கட்டுரையின் விஷயத்தை யார் கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். அறுவை சிகிச்சையில் வெட்டி எடுத்துத் தூக்கிப்போடும் விலா எலும்புத் துண்டுகளை வாங்கி வருவார்களாம். அதிலிருந்து மஜ்ஜையை எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்துவிட்டு, செல்கள் புது டிஎன்ஏ செய்கின்றனவா, நிறுத்திவிட்டனவா என்று பார்ப்பார்களாம்.

"மஜ்ஜைன்றது ஜெராக்ஸ் கடை மாதிரி," என்பார். "நாள் பூரா காப்பி, காப்பி, காப்பி. ரத்தம் பூரா அங்கருந்துதான் வருது. கதிர் பட்டா மெஷின் நின்னுடும். செல்லு உடனே சாவாது. காப்பி எடுக்கறத நிறுத்திட்டு யோசிக்கும். கதிர் ஜாஸ்தின்னா யோசிச்சுகினே போயிடும்."

"நம்ம தாலுக்கா ஆபீஸ் மாதிரி," என்பார் அப்பா, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

அப்பாவுக்கு ரத்தப் புற்று என்று தெரிந்தபோது பிரபா கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. மஜ்ஜை மாற்றினால்தான் பிழைப்பார் என்றார்கள். உடன்பிறந்தவர் பெரியப்பா ஒருவரே; பரிசோதித்துப் பார்த்ததில் அப்படியே பொருந்தியது. முதலில் அப்பாவின் உடம்பு முழுக்கக் கதிர் பாய்ச்சி, கெட்டுப்போன பழைய மஜ்ஜையைத் துடைத்து எடுத்தார்கள். வாழ்நாளெல்லாம் கண்ணாடிக் குப்பியில் பெரியப்பா பார்த்த விஷயம், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தம்பியின் உடம்பில் நடந்தது. பிறகு பெரியப்பாவின் இடுப்பு எலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்து, ரத்தம் ஏற்றுவது போல அப்பாவுக்கு ஏற்றினார்கள்.

"வலிச்சுதா மாமா?" என்று அம்மா கை கூப்பிக்கொண்டு கேட்டாள்.

"எறும்பு கடி," என்றார் பெரியப்பா.

அப்பாவுக்கு உடம்பு தேறி வார்டை விட்டுக் கிளம்பியபோது, டாக்டர்கள் ஒரு சின்ன தேநீர் ஏற்பாடு செய்திருந்தார்கள். பெரியப்பாவை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேசியது ஒரு மணி நேரத்துக்கு மேல். ஒரு நர்ஸ் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டபோது, "அறிவியலை உட்கார்ந்து பேசுவது மரியாதையில்லை" என்று அதைத் தள்ளி வைத்துவிட்டு, நின்றபடியே டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் கைகளால் முறுக்கிக் காட்டினார். பெரிய டாக்டருக்கே கண் கலங்கிவிட்டது. மரியாதையில்லை என்ற அந்த வாக்கியம் பிறகு பெரியப்பாவின் ஓய்வுபெறும் விழா மலரில் கொட்டை எழுத்தில் வந்தது.

அன்றிலிருந்து தொடங்கியது நன்றி வரி. மாதம் தவறாமல் போன் வரும். "என் செல்லெல்லாம் எப்படி இருக்குது?"

"உங்க செல்லு நல்லா தூங்குது. நான்தான் தூங்கல," என்பார் அப்பா.

பிரபாவின் கல்யாணத்தில் மணமகனுக்குக் கிடைத்த நேரத்தைவிட மஜ்ஜைக்குக் கிடைத்த நேரம் அதிகம். அப்பா ஒரு பீர் குடித்த செய்தி எட்டினால், "என் மஜ்ஜைல ஊத்தறானா?" என்று கல்பாக்கம் டவுன்ஷிப்பிலிருந்து பெரியப்பா கிளம்பி வந்துவிடுவார். அப்பாவின் ரத்த வகையே அண்ணனுடையதாக மாறிவிட்டது. லைசென்ஸில் அதைத் திருத்தப் போன இடத்தில் அதிகாரி, "ரத்தம் எப்படிய்யா மாறும், கட்சியா?" என்று திருப்பி அனுப்பினார்.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருந்தது. பெரியப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்தே இறால் ஆகாது. தின்றால் உடம்பெல்லாம் தடிக்கும். அப்பாவுக்கோ இறால் என்றால் உயிர். மாமல்லபுரத்துக்குச் சவாரி போனால் மீனவர்களிடம் வாங்கிக்கொண்டுதான் திரும்புவார். மஜ்ஜை மாற்றிய அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆசையாய் இரண்டு பிடி தின்ற அப்பாவுக்கு முகம் பூசணிக்காயாக வீங்கியது. இப்படி நடப்பது உண்டு, கொடுத்தவரின் ஒவ்வாமையும் சேர்ந்து வந்துவிடும் என்றார் டாக்டர்.

"உயிரைக் குடுத்தாரு, எறாவை எடுத்துகினாரு," என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசி என்பது இன்று காலை. புற்றும் இல்லை, கதிரும் இல்லை. வண்டியைக் கழுவிக்கொண்டிருந்த டிரைவர் கண்ணாயிரத்தைத் திட்டிக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தார். திட்டு பாதியில் நின்றது. அடுத்த வார்த்தைக்காகக் கண்ணாயிரம் கொஞ்ச நேரம் பைப்பைப் பிடித்தபடி காத்திருந்தானாம்.

மத்தியானத்துக்குள் பந்தல் போட்டு, நாற்காலிகள் வந்து, கொள்ளி யார் வைப்பது என்ற பேச்சும் வந்து சேர்ந்தது. அப்பாவுக்கு ஆண் பிள்ளை இல்லை. முறைப்படி பெரியப்பாவின் மகன் ஹரிகிருஷ்ணன் வைக்கலாம். அவன் அமெரிக்காவில் செல்போனுக்குள் அழுதுகொண்டிருந்தான். பிரபாவுக்கு இதில் சந்தேகமே இருக்கவில்லை. போன வருஷம் திருக்கழுக்குன்றம் ஏற்றத்தில் வேன் நின்றுபோய் இருவரும் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தபோது அப்பா சொன்னார்: "எனக்கு நீதான் வெக்கணும். அண்ணன் வெச்சா அங்கயும் லெக்சர் குடுப்பாரு. நெருப்பு அணைஞ்சிடும்."

இப்போது அந்த ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. வேறு யார் என்ன சடங்கு செய்துகொண்டாலும் சரி, நெருப்பு அவள் கையில் இருக்க வேண்டும்.

"நான்தான் வெக்கணும்," என்றார் பெரியப்பா, பந்தலின் நடுவில் நின்று.

பங்காளிகளில் மூத்தவர் வரதன். கூட்டுறவுச் சங்கத் தேர்தலில் தோற்ற நாளிலிருந்து அவர் சாவு வீடுகளுக்குத் தலைமை தாங்கி வருகிறார், அங்கே போட்டியில்லை.

"மூத்தவன் சின்னவனுக்குக் கொள்ளி வெக்கற பழக்கம் நம்மள்ல இல்லியே கோபாலு," என்றார்.

"இது பழக்கம் இல்ல. பயாலஜி."

வரதன் அந்தச் சொல்லை ஏதோ கோத்திரப் பெயர் போல மரியாதையோடு வாங்கிக்கொண்டார்.

"அவன் உடம்புல ஓடறது என் ரத்தம்," என்று பெரியப்பா தொடர்ந்தார். "ஒரு சொட்டு எடுத்து டெஸ்ட் பண்ணுங்க, என் டிஎன்ஏதான் வரும். ஹரியும் இல்ல, வேற பையனும் இல்ல. அப்ப யாரு? நான்தான்."

"அண்ணாத்த சொல்றது நாயம்தான்," என்றது ஒரு நாற்காலி. இன்னொரு நாற்காலி தலையாட்டியது. பெரியம்மா அமிர்தவல்லி பின்னாலிருந்து கணவரின் சட்டையை இழுத்து, "உக்காருங்க," என்றாள். அவர் உட்காரவில்லை.

பிரபா பிணத்தருகே இருந்து எழுந்து வாசலுக்கு வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. ஆனால் வேன் தொழிலில் டிரைவர்களிடம் பேசிப் பழகிய குரல் அப்படியே இருந்தது.

"பெரியப்பா, ஒரு டவுட்டு. நைனாவுக்குக் கதிர் குடுத்தப்ப, அவரோட பழைய மஜ்ஜைல எதுனா மிச்சம் இருந்துச்சா?"

அறிவியல் கேள்வி. பெரியப்பாவின் முதுகு தானாக நிமிர்ந்தது. "ஒண்ணு கூட இல்ல. ஒரு செல்லு தப்பினாலும் நோய் திரும்பிடும். மாசா மாசம் டெஸ்ட் எடுத்தாங்க. நூத்துக்கு நூறு நான்."

"அப்ப ரத்தப்படி பாத்தா, உள்ள படுத்துகினு கீறது நீங்க."

"சயின்டிஃபிக்கா சொல்லணும்னா..." பெரியப்பா யோசித்தார். பொய் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை. அதுதான் அவருடைய பலவீனம். "ஆமா. ரத்தத்தப் பொறுத்தவரைக்கும் ஆமா."

"தனக்குத் தானே யாருனா கொள்ளி வெச்சுக்குவாங்களா?"

 பறை அடிக்கக் காத்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். வரதன் எத்தனையோ சாவுகளைப் பார்த்தவர்; இப்படி ஒரு கேள்வி அவர் முன்னால் வைக்கப்பட்டதில்லை. தாடையைச் சொறிந்தார். கடைசியில், பயாலஜிக்குள் தனக்குத் தெரிந்த ஒரு மூலை அகப்பட்ட நிம்மதியோடு சொன்னார்: "அது முறையில்ல."

"போலீசு கேசு ஆயிடும்ணா," என்றான் கண்ணாயிரம்.

"நான் வெக்கறேன்," என்றாள் பிரபா. "நைனா என்கிட்ட சொல்லிக்கீறாரு." ஏன் அப்படிச் சொன்னார் என்பதை அவள் சொல்லவில்லை.

"பொம்பளைங்க சுடுகாட்டுக்கு..." என்று வரதன் ஆரம்பித்தார்.

"சாவு என் வூட்டுது," என்றது உள்ளேயிருந்து அம்மாவின் குரல். அழுகை மீண்டும் நின்றிருந்தது. "எம் பொண்ணு போவா. முறை பேசறவங்க இருந்தா சொல்லுங்க, டீ குறைச்சுப் போடச் சொல்றேன்."

முறை பேச யாரும் இல்லை.

ஜெயித்துவிட்டதில் பிரபாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. பெரியப்பா பதில் பேசாமல் உள்ளே போனதுதான் கண்ணில் நின்றது. அவர் பதில் பேசாமல் போனதை அவள் பார்த்ததே இல்லை. மூன்று மணிக்குப் பிணத்தை எடுப்பதாகப் பேச்சு. பல்லக்கில் பூ கட்டி முடித்திருந்தார்கள். அவள் உள்ளே போனபோது கூடத்தில் அவர் மட்டும், ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தை வேட்டி முனையால் துடைத்துக்கொண்டு நின்றார். துடைக்கத் துடைக்க அது மறுபடி படிந்தது.

"கோச்சுகினீங்களா பெரியப்பா?"

"லாஜிக் கரெக்ட்டு," என்றார். "நான் யோசிக்கல." கொஞ்சம் துடைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "இத வெளிய சொல்லாத. நெஞ்சு நின்னா எல்லாம் நின்னுடும்னு நெனைப்பாங்க. எலும்புக்குள்ள உடனே நிக்காது. மஜ்ஜை கொஞ்ச நேரம் தாங்கும். ஐஸ்ல இன்னும் கொஞ்சம் தாங்கும்."

"இப்பவுமா?"

"இப்பவும். குளிர்ல காப்பி எடுக்காது. ஆனா வெளிய எடுத்து, சூடு காட்டி, சாப்பாடு குடுத்தா எடுக்க ஆரம்பிச்சிடும். நானே பாத்திருக்கேன், அந்த விலா எலும்புங்கள்ல. ஆளு செத்தது அதுங்களுக்குத் தெரியாது." கண்ணாடிக்குள், தம்பியின் இடுப்பு இருக்கும் இடத்தைப் பார்த்தார். "கடையை இன்னும் பூட்டல. ஷட்டரைப் பாதி எறக்கி வெச்சுகினு ஒக்காந்திருக்குது."

 வெளியே பறை ஒருமுறை அடித்துப் பார்த்து நின்றது. "எடுக்கலாமா?" என்று வரதன் குரல் கொடுத்தார்.

பெரியப்பா வாசலுக்குப் போனார்.

"எடுக்கக் கூடாது," என்றார். "எமகண்டம்."

வரதன் வாயைத் திறந்தபடி நின்றார். ராகு காலம், எமகண்டம், குளிகை எல்லாம் சுத்தப் பேத்தல் என்று டவுன்ஷிப் அறிவியல் மன்றத்தில் பேசி, அதைச் சின்னப் புத்தகமாகப் போட்டு, ஊரில் வீட்டுக்கு ஒன்று இலவசமாகக் கொடுத்தவர் கோபாலகிருஷ்ணன். வரதன் வீட்டில் அது இன்னும் அரிசி டப்பாவுக்குக் கீழே ஆட்டம் நிறுத்த உதவுகிறது.

"வெள்ளிக்கிழமை மூணுலருந்து நாலரை எமகண்டம்," என்றார் பெரியப்பா, யார் முகத்தையும் பார்க்காமல். "நாலரைக்கு மேலதான் எடுக்கணும்."

"நீயா கோபாலு சொல்ற?"

"ஆமா, எமகண்டம்," என்றாள் பிரபா. "காத்திருக்கலாம்."

பறைக்காரர்கள் பறையை வெயிலில் சாய்த்துவிட்டு நிழலில் உட்கார்ந்தார்கள். ஊர் இன்னொரு சுற்று டீ குடித்தது. பெரியப்பா திரும்ப வந்து பெட்டியின் பக்கத்தில் நின்றார். பிரபாவும் நின்றாள். இரண்டு பேரும் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஏதோ வேலை நடக்கிற வீட்டைத் தொந்தரவு செய்யாமல் வாசலில் காத்திருப்பவர்கள் போல.

இத்தனை வருஷமும் அவள் பெரியப்பாவின் போன் வந்தால் அம்மாவிடம் நீட்டிவிடுவாள். நன்றி சொல்லிச் சொல்லி அந்தச் சொல் வாயில் சவசவத்துப் போயிருந்தது. இப்போது அந்தக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்கையில், தான் யாருக்கும் சொல்லாத கணக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. கல்யாணத்தன்று சாம்பாரில் உப்பில்லை என்று அப்பா சமையல்காரரோடு போட்ட சண்டை. மதுராந்தகம் ஏரி நிரம்பி ரோடு முங்கிய மழையில், நிறைமாதமாக இருந்த அவளை வேனில் ஏற்றிக்கொண்டு, தண்ணீரைத் திட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட்டியது. பேத்தி வைஷாலியை மடியில் வைத்து ஹாரன் அடிக்கப் பழக்கித் தெருவையே எழுப்பியது. வேன் தொழிலை அவளிடம் கொடுத்துவிட்டு, அவள் செய்வதெல்லாம் தப்பு என்று தினமும் வாசலில் உட்கார்ந்து சொன்னது. ஒன்றும் பெரிய விஷயமில்லை. இவ்வளவும் பக்கத்தில் நிற்கிற இந்த ஆளின் இடுப்பிலிருந்து வந்தது.

அவள் தன் துப்பட்டாவின் முனையால் கண்ணாடியின் அந்தப் பக்கத்தைத் துடைத்தாள். இந்தப் பக்கத்தை அவர் துடைத்தார்.

நாலரைக்கு எடுத்தார்கள். சுடுகாட்டில் பிரபா தோளில் பானையோடு சுற்றி வந்தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் ஓட்டை, ஒவ்வொரு ஓட்டையிலும் தண்ணீர். திரும்பிப் பார்க்காமல் நெருப்பை வைத்தாள். அது உடனே பிடித்துக்கொண்டது. பெரியப்பா தள்ளி ஒரு வேலிகாத்தான் பக்கத்தில் நின்றார். லெக்சர் எதுவும் இல்லை.

மறுநாள் காலை பால் தெளிக்கப் போனபோது, சாம்பல் மேட்டின் பக்கத்தில் இலை போட்டு, அப்பாவுக்குப் பிடித்ததையெல்லாம் வைத்தார்கள். மசால் வடை, டீ, ஒரு கட்டு பீடி. பிரபா தான் கொண்டுவந்திருந்த டிபன் பாக்ஸைத் திறந்தாள். மிளகாய் போட்டுச் சிவக்க வறுத்த இறால். கண்ணாயிரத்தை விடியற்காலையிலேயே கடற்கரைக்கு அனுப்பி வாங்கியது.

பெரியப்பா அதைப் பார்த்ததும் பதறினார். "எறா அவனுக்கு ஆகாதேம்மா."

"இனிமே ஆகும் பெரியப்பா."

 அவர் குனிந்து, தன் கையாலேயே இறாலை எடுத்து இலையில் வைத்தார். இரண்டு பிடி. விரலை மண்ணில் துடைத்துக்கொண்டு, அரிக்கிறதா என்று பார்த்தார்.

சாம்பலும் எலும்பும் பொறுக்கிய சட்டியைத் துணியால் மூடி, மாமல்லபுரத்துக்குக் கிளம்பினார்கள். பிரபாதான் ஓட்டினாள். பெரியப்பா பக்கத்தில் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அம்மாவும் பெரியம்மாவும் பின்னால். டிரைவர் சீட்டில் அப்பா போட்டு வைத்திருந்த, மரமணிகள் கோத்த மெத்தை பிரபாவின் முதுகில் உருண்டது. வழியெல்லாம் கண்ணாயிரம் கடைசி சீட்டில் அழுதுகொண்டு வந்தான். கேட்க வேண்டிய மீதித் திட்டு அவனுக்குப் பாக்கியிருந்தது.

கடற்கரையில் கூட்டம் தொடங்கியிருந்தது. ஒரு குதிரைக்காரர் வந்து, "ரவுண்டு போறீங்களா சார்?" என்று கேட்டு, சட்டியைப் பார்த்துவிட்டு, குதிரையைத் திருப்பிக்கொண்டு போனார். தள்ளி ஒரு புதுக் கல்யாண ஜோடி அலைக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுத்தது. பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினார். பிரபா பக்கத்தில் நின்று சட்டியைச் சேர்த்துப் பிடித்தாள். கவிழ்த்தார்கள். சாம்பல் ஒரு கணம் பாலாடை மாதிரி மிதந்தது, அப்புறம் இல்லை. எலும்புத் துண்டுகள் நேராகக் கீழே போயின.

பெரியப்பா கடலைப் பார்த்து நிமிர்ந்தார். தொண்டையைச் செருமினார். கரையிலிருந்த பெரியம்மா, "ஆரம்பிச்சாச்சு," என்று மணலில் உட்கார இடம் பார்த்தாள். கண்ணாயிரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்தான்.

"மனித உடலில்..." என்றார் பெரியப்பா.

கரையிலிருந்து திரும்பிய அலை அவருடைய காலை வாரிவிட்டது. தொப்பென்று ஈர மணலில் உட்கார்ந்தார். இடுப்பு வரைக்கும் நுரை. பிரபா குனிந்து கையைப் பிடித்தாள். அவர் எழுந்திருக்க முயற்சி செய்யவில்லை. காலி சட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அலை திரும்பிப் போவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ரொம்ப வலிச்சுதும்மா," என்றார்.

"இடுப்பா? புடிச்சுக்குங்க, மெல்ல எழுந்திருங்க."

"இப்ப இல்ல. அப்ப." அவர் அவளைப் பார்க்கவில்லை. "எறும்பு கடின்னு சொன்னேனே. எறும்பெல்லாம் இல்ல. மயக்கம் தெளிஞ்சதும் உசிரு போச்சு. ஒரு மாசம் ஒக்கார முடியல. ஆபீஸ் பஸ்ல நின்னுகினே போனேன். உன் பெரிம்மா குப்புறப் படுக்க வெச்சு ஒத்தடம் குடுத்தா."

அடுத்த அலை வந்து அவர் மடியில் கொஞ்சம் மணலை வைத்துவிட்டுப் போனது.

"ஆஸ்பத்திரில அன்னிக்குப் பேசினேனே, நின்னுகினே. அந்த நர்சு நாற்காலி போட்டுச்சு. எனக்கும் உக்காந்து ரெண்டு வார்த்தையில முடிக்கணும்னுதான் இருந்துச்சு. உக்கார முடியல. நின்னா பேசித்தான ஆகணும். அதான் பேசிகினே இருந்தேன்."

"நைனாவுக்குத் தெரியுமா?"

"சொல்லல. சொன்னா வாங்கிகினத திருப்பித் தர்றேன்னு நிப்பான்."

பிரபா அவர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். வேட்டியிலிருந்து மணலைத் தட்டிவிட்டாள். பதினைந்து வருஷமாக வாயில் சவசவத்துக் கிடந்த அந்தச் சொல் ஒருமுறை முழுசாக மேலே வந்தது. அவள் அதை வெளியே விடவில்லை. அது அவ்வளவுக்குப் போதுமானதாகத் தெரியவில்லை.

வேனுக்கு வந்ததும் டிரைவர் சீட்டிலிருந்து அப்பாவின் மரமணி மெத்தையை உருவினாள். தூசியை உதறி, பக்கத்து சீட்டில் விரித்து, நான்கு மூலையையும் இழுத்துவிட்டாள். பெரியப்பா அதைப் பார்த்தார்.  ஏறி, மெல்ல உட்கார்ந்தார்.

திருக்கழுக்குன்றம் மலை தெரிவதற்குள் பெரியப்பா தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். குறட்டை இரண்டு நீளம், ஒரு குட்டை, நடுவில் ஒரு விசில். அப்பாவும் அப்படித்தான் குறட்டை விடுவார், மஜ்ஜை மாற்றுவதற்கு முன்பிருந்தே.